காற்றோடு ஒரு கணக்கு

(பெங்களூரு அல்சூரில், தமிழன்பர்கள் கூடிய மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும், இடம் கிடைக்காமல் பின்னால் நின்றுகொண்டிருக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் வணக்கம். இந்த ஊரில் லேத் முன்னாலும் மில்லிங் எந்திரத்தின் முன்னாலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றவன் நான். ஒரு காரைப் பற்றிப் பேச வந்திருப்பதற்குக் காரணம் அதன் விலையோ அழகோ அல்ல. அதற்குள் இருக்கும் கணக்கு.

2019 ஆகஸ்ட் 2 ஆம் நாள், ஜெர்மனியில் உள்ள ஏரா-லெசியன் சோதனைத் தடத்தில், புகாட்டி நிறுவனத்தின் சிரோன் கார் ஒன்று மணிக்கு 490.484 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. ஓட்டியவர் ஆண்டி வாலஸ் என்ற ஆங்கிலேயர். 1998 இல் இதே தடத்தில் மெக்லாரன் எஃப்1 காரை மணிக்கு 386 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிச் சாதனை படைத்தவரும் அவரே. இருபத்தோரு ஆண்டு இடைவெளியில், அதே மனிதர், அதே நேர்ச்சாலையில் நூறு கிலோமீட்டருக்கு மேல் கூட்டியிருக்கிறார். அந்த நூறு எங்கிருந்து வந்தது என்பதே இன்றைய பேச்சு.

யாரிடம் கேட்டாலும் எஞ்சின் என்பார்கள். எஞ்சின்தான், ஆனால் அது பாதி விடைகூட அல்ல. ஓசூர் சாலையில் பைக்கில் நாற்பதில் போகும்போது சட்டையைப் படபடக்க வைக்கும் காற்று, எண்பதில் நெஞ்சில் கைவைத்துத் தள்ளுவதை நீங்கள் எல்லோரும் உணர்ந்திருப்பீர்கள். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகிறது. அந்தத் தடையை அதே வேகத்தில் தள்ளிக்கொண்டே போவதற்கு வேண்டிய திறனோ எட்டு மடங்காகிறது, அதாவது இரண்டின் மும்மடி (2 × 2 × 2).

இதைப் புகாட்டியின் எண்களிலேயே சரிபார்க்கலாம். 2005 இல் வந்த வேய்ரான் கார் 1,001 குதிரைத்திறன் கொண்டது. அதன் உச்ச வேகம் மணிக்கு 407 கிலோமீட்டர். 2010 இல் அதே வண்டியின் சூப்பர் ஸ்போர்ட் வடிவம் 431 கிலோமீட்டரை எட்டியது. கூடுதலாகக் கிடைத்த வேகம் ஆறு விழுக்காடுகூட இல்லை. ஆனால் மும்மடிக் கணக்குப்படி அதற்கு ஏறத்தாழ 1,189 குதிரைத்திறன் வேண்டும். அந்த வண்டிக்கு அவர்கள் வைத்த எஞ்சின் 1,200. ஒரு தாளில் பென்சிலால் இதைப் போட்டுப் பார்த்து, விடை இவ்வளவு நெருக்கமாக வந்து நின்றபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை உங்களுக்கும் தர வேண்டும் என்றுதான் இந்த அழைப்பை ஏற்றுக்கொண்டேன்.

அதே கணக்கை 490 வரை நீட்டினால் ஏறத்தாழ 1,770 குதிரைத்திறன் தேவைப்படும். வாலஸ் ஓட்டிய காரில் இருந்ததோ 1,600 தான். துண்டு விழுந்ததை உடலமைப்பு ஈடுகட்டியிருக்கிறது. காரின் வால் பகுதியை ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீட்டியிருந்தார்கள். முன்னால் கிழிபட்ட காற்று, பின்னால் சட்டென்று அறுந்துபோனால் அங்கே அழுத்தம் குறைந்த ஒரு வெற்றிடம் போலாகி, வண்டியைப் பின்னோக்கி இழுக்கும். வால் நீண்டால் காற்று உடலை ஒட்டி மேலும் சிறிது தூரம் வழிந்து வந்து மெல்ல விலகுகிறது. சக்கரக் கூண்டுகளுக்குள் அடைபடும் காற்று வெளியேற, முன் சக்கரங்களுக்கு மேலே வட்டத் துளைகளை வைத்தார்கள். இவை அலங்காரமாகத் தோன்றும். அழுத்தத்தை வெளியேற்றும் வழிகள் அவை.

வெப்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதினாறு சிலிண்டர், எட்டு லிட்டர், நான்கு டர்போசார்ஜர் (காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி) கொண்ட எஞ்சின் இது. எரியும் பெட்ரோலில் ஒரு பங்கு ஓட்டமாகிறது என்றால், இரண்டு பங்குக்குக் குறையாமல் வெறும் சூடாகிறது. வேய்ரானில் அந்தச் சூட்டை அகற்றவே பத்து ரேடியேட்டர்கள் இருந்தன. சிரோனின் பம்ப் நிமிடத்துக்கு 800 லிட்டர் குளிர்நீரைச் சுழற்ற வல்லது. நம் வீட்டு மாடியில் நிற்கும் ஆயிரம் லிட்டர் தொட்டியை ஒன்றேகால் நிமிடத்தில் காலி செய்யும் பம்ப் அது. வேய்ரானை உச்ச வேகத்தில் விடாமல் ஓட்டினால் 100 லிட்டர் டாங்க் சுமார் பன்னிரண்டு நிமிடத்தில் வற்றிவிடும்.

ஆனால் எஞ்சினையும் காற்றையும் வெப்பத்தையும் வென்ற பிறகும் ஒன்று மிஞ்சி நிற்கிறது. அது டயர்.

மேசைமேல் நான் வைத்திருக்கும் இந்தச் சிறு பொருளைப் பாருங்கள். ஜே.சி. ரோட்டில் ஒரு கடையில் வாங்கிய வால்வு மூடி. ஏறக்குறைய ஒரு கிராம் எடை. 490 கிலோமீட்டர் வேகத்தில் அந்தக் காரின் சக்கரம் நொடிக்கு அறுபது முறைக்கு மேல் சுழல்கிறது. ரிம் அருகே இருக்கும் இந்த ஒரு கிராம் மூடி, அந்தச் சுழற்சியில் நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவான பாரம்போல வெளியே இழுக்கப்படும். தரையைத் தொடும் ரப்பரிலோ ஒவ்வொரு கிராமும் ஐந்து கிலோவுக்கு மேல் கனக்கும். டயர் முழுவதும் தன்னைத் தானே பிய்த்துக்கொள்ளத் துடிக்கிறது என்றே சொல்ல வேண்டும். அதனால்தான் அந்த ஓட்டத்துக்கான மிஷெலின் டயர்களை வலுவூட்டிச் செய்து, வண்டியில் மாட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் எக்ஸ்ரே எடுத்து உள்ளிருக்கும் இழைகளைச் சோதித்தார்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் கிருஷ்ணகிரி நோக்கிப் போகையில், தொண்ணூறு வேகத்தில் என் வண்டியின் பின் டயர் வெடித்தது. ஓரமாக நிறுத்தி இறங்கி, சாலையில் கிடந்த ரப்பர்த் துண்டொன்றை எடுத்தேன். கையில் பிடிக்க முடியாத சூடு. தொண்ணூறிலேயே அப்படி. நூற்றுத் தொண்ணூறல்ல, நானூற்றுத் தொண்ணூறு என்பதை அந்தச் சூட்டோடு சேர்த்துத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது.

ஏரா-லெசியனின் நேர்ச்சாலை ஏறத்தாழ 8.8 கிலோமீட்டர். சாய்வான வளைவிலிருந்து மணிக்கு 200 கிலோமீட்டரில் வெளியே வந்து, அங்கிருந்து முழு வேகம் பிடித்து, மீண்டும் பிரேக் பிடித்து நிற்கவும் அந்தத் தூரத்துக்குள்ளேயே இடம் விட வேண்டும். தடத்தில் ஓரிடத்தில் சாலையின் மேற்பரப்பு மாறுகிறது. அந்த வேகத்தில் அங்கே கார் துள்ளும். அதை அறிந்தே வாலஸ் சிறிது சிறிதாக வேகத்தை ஏற்றிச் சோதித்தார். அந்த நிதானத்தைத்தான் நான் வீரம் என்பேன்.

இந்த ஓட்டம் ஒரு திசையில் மட்டும் நடந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரு திசையிலும் ஓடிச் சராசரி எடுப்பதே முறையான சாதனை விதி. காற்று, சரிவு ஆகியவற்றின் சலுகை அப்போதுதான் கழிந்துபோகும். அந்த விதி நியாயமானது. 2017 இல் அமெரிக்காவின் நெவாடாவில் கோனிக்செக் அகேரா ஆர்எஸ் என்ற கார் இருவழிச் சராசரியாக 447 கிலோமீட்டர் காட்டியது. அதைச் சிரோனின் 490 உடன் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. 2025 இல் சீனாவின் யாங்வாங் யு9 எக்ஸ்ட்ரீம் என்ற மின்கார் 496.22 கிலோமீட்டரை எட்டியது. அதன் திறன் சுமார் 3,000 குதிரைத்திறன். மும்மடிக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு இந்த இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள், பிள்ளைகளே. சிரோனின் உடலமைப்பின் மீது உங்களுக்கு மதிப்பு கூடும்.

நம் ஊர்க்காரர்களுக்காக ஒரு செய்தி. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி கிட்டத்தட்ட எட்டு, ஒன்பது விழுக்காடு குறைவு. டர்போசார்ஜர் அந்த மெல்லிய காற்றையும் அமுக்கி எஞ்சினுக்குத் தந்துவிடும் என்று கொண்டால், அதே கார் அதே திறனோடு நம் மேட்டுநிலத்தில் 500 ஐத் தாண்டும் என்று கணக்குச் சொல்கிறது. அவ்வளவு நீளமான நேர்ச்சாலைதான் இங்கே இல்லை.

பிறகு அந்தக் காரைப் பின்பற்றி விற்பனைக்காக முப்பது வண்டிகள் செய்தார்கள். அவற்றிலும் 1,600 குதிரைத்திறன் உண்டு, நீண்ட வாலும் உண்டு. ஆனால் வாங்கியவர் ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும், மணிக்கு 440 கிலோமீட்டருக்கு மேல் போகவிடாமல் மின்னணுக் கட்டுப்பாடு வண்டியைப் பிடித்துக்கொள்ளும்.