அங்கோரா முயலைக் கண்காட்சிக்கு முன்னால் குளிப்பாட்டலாமா?

அடுத்த கேள்வி மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வீட்டில் வளர்க்கும் அங்கோரா முயலை (நீளமான, மெத்தென்ற முடியுள்ள இனம்) அடுத்த மாதம் ஒரு செல்லப்பிராணிக் கண்காட்சிக்குக் கொண்டுபோகிறாராம். முந்தின நாள் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டலாமா, காதுக்குப் பின்னால் விழுந்த சிக்கை என்ன செய்வது என்கிறார்.

குளிப்பாட்டவே வேண்டாம் தங்கச்சி. தண்ணீரில் மிரண்டால் முயல் அந்த அதிர்ச்சியிலேயே செத்துப்போகலாம். அங்கோரா முடி நனைந்து கைபட்டுத் தேய்ந்தால் கம்பளியாக இறுகிவிடும், அப்புறம் பிரிக்கவே முடியாது. அதிலும் நம் ஊர் இடவப்பாதி மழைக்கு, அதாவது தென்மேற்குப் பருவமழைக்கு, மேல்முடி காய்ந்தாலும் அடிமுடி காயாது, தோலில் பூஞ்சை வந்துவிடும்.

அழுக்கு போகக் காற்றுதான் வழி. நாய்க்கு முடி காய வைக்கும் புளோயர் இருந்தால் நல்லது. சூடில்லாத காற்றை மட்டும் வையுங்கள். முகத்திலும் காதிலும் படாமல், உடம்பில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடியுங்கள். முடி விலகி வெள்ளைத் தோல் தெரியும், பொடுகும் வைக்கோல் தூசியும் பறக்கும். வாரம் இரண்டு தடவை இப்படிச் செய்தால் சீப்புக்கு அதிக வேலை இல்லை. சீப்பை ஓயாமல் போட்டால் நல்ல முடியும் அறுந்துவரும். நடுவர் பார்ப்பது முடியின் அடர்த்தியைத்தானே!

சரி, சிக்கு. முயலின் தோல் ரொம்ப மெல்லிசு. சிக்கைப் பிடித்து இழுத்தால் தோலும் கூடாரம்போல் எழும்பி வரும். அப்போது கத்தரி வைத்தால் தோலையும் சேர்த்து வெட்டிவிடுவோம். அதனால் இடது கை விரலால் முடியின் அடியைத் தோலோடு சேர்த்து அழுத்திக்கொள்ளுங்கள். வலது கையால் நுனியிலிருந்து இழை இழையாகப் பிய்த்துப் பிரியுங்கள். ஒரே மூச்சில் முடிக்க வேண்டாம், முயல் நெளிந்தால் விட்டுவிட்டு மறுநாள் உட்காருங்கள். தாடைக்குக் கீழேயும், அக்குளிலும், பின்னங்கால் இடுக்கிலும் தடவிப் பாருங்கள். அங்கேயும் கட்டாயம் இருக்கும்.

கறையை மறைக்கப் பவுடர் போடாதீர்கள். அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கத்தின் விதிப்படி அது தகுதிநீக்கம். நகத்தை இரண்டு நாள் முன்னாடியே வெட்டிவிடுங்கள், உள்ளே தெரியும் ரத்தக்கோட்டைத் தொடாமல்.

உதிர்ந்த முடியை அன்றன்றே எடுக்க வேண்டும். முயலுக்கு வாந்தி வராது, நக்கி விழுங்கிய முடி குடலிலேயே அடைத்துக்கொள்ளும். உலர்புல் தாராளமாகப் போடுங்கள். புழுக்கை சிறுத்தாலோ, முடியில் கோத்த மாதிரி வந்தாலோ, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியே ஆகணும். இமாசலத்தில் குலு மாதிரிக் குளிர்ந்த ஊரில் கம்பளிக்காக வளர்க்கிற இனம் இது. 30 டிகிரிக்கு மேல் போனால் தவித்துப்போகும், நம் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். அதனால் சிக்கு உடம்பு முழுக்கப் பரவியிருந்தால் இந்தக் கண்காட்சியை விட்டுவிட்டு முடியைக் கத்தரித்துவிடுங்கள். மாதம் சுமார் 2.5 செ.மீ. வளரும், மூன்று மாதத்தில் 7 செ.மீ. வந்துவிடும். காதுப் பக்கம் மட்டும்தான் என்றால் தைரியமாகக் கொண்டுபோங்கள். விடியற்காலையில் கிளம்புங்கள், ஐஸ் உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டுக்குள் வையுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் பரிசைப் பார்க்காமல் உடனே நிழலுக்குக் கொண்டுபோய்க் காதை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, மருத்துவரைக் கூப்பிடுங்கள்.