பாடக்கூடாத பாடகர்

நேயர்களுக்கு வணக்கம்.

பங்க் என்கிற வேகமான, முரட்டு ராக் இசையிலிருந்து இருண்ட ஒலி கொண்ட கோதிக் இசை எப்படிக் கிளைத்தது என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். இருபது குழுக்களின் பெயரை வரிசையாக ஒப்பித்துவிட்டுப் போகலாம். கேட்கிறவர்கள் மனதில் ஒன்றும் தங்காது. அதனால் ஒரே ஓர் ஆல்பத்தை எடுத்துக்கொள்கிறேன். 1983-இல் இங்கிலாந்தில் வந்தது. ஆல்பத்தின் பெயர் 'ப்ளூ சன்ஷைன்', குழுவின் பெயர் 'தி க்ளவ்'. இரண்டு பேர், தங்கள் சொந்தக் குழுக்களின் வேலைக்கு நடுவே, கிடைத்த இடைவெளியில் செய்த ஆல்பம் அது. அந்தக் குழு போட்டது அந்த ஒன்றுதான்.

இருவரில் ஒருவர் ஸ்டீவன் செவரின். பங்க் பிறந்தபோது பக்கத்திலேயே நின்றவர். செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழு எங்கே வாசித்தாலும் பின்னாலேயே போன ஓர் இளைஞர் கூட்டம் லண்டனில் இருந்தது. அதில் செவரினும் உண்டு, சூசி சூ என்ற பெண்ணும் உண்டு. 1976 செப்டம்பர் 20 அன்று ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் உள்ள 100 கிளப்பில் பங்க் விழா நடந்தது. நிகழ்ச்சியில் ஒரு குழுவுக்கான இடம் காலியாக இருந்தது. இவர்கள் ஏறிவிட்டார்கள். சூசி பாட்டு, செவரின் பேஸ் கிட்டார், டிரம்ஸில் சிட் விஷஸ். கிட்டார் வாசித்த மார்கோ பிரோனியை விட்டால் யாருக்கும் கருவி சரியாகப் பிடிபடாது. கையில் பாட்டும் கிடையாது. கிறிஸ்தவர்களின் பரமண்டல ஜெபத்தை எடுத்துக்கொண்டு சுமார் இருபது நிமிடம் போட்டு அடித்தார்கள்.

அந்த மேடையிலிருந்து உருவானதுதான் 'சூசி அண்ட் த பான்ஷீஸ்' என்ற குழு. வாசிக்கத் தெரியாமல் தொடங்கியதில் ஒரு லாபம் இருந்தது என்று எனக்குத் தோன்றும். ராக் இசைக்காரர்கள் கைப்பழக்கமாக வாசிக்கிற எதுவும் இவர்களிடம் இல்லை. பேஸ் கிட்டார் அடியில் கிடந்து தாளத்துக்குத் துணை போக வேண்டும் என்பது வழக்கம். செவரின் மேல் கட்டைக்குப் போய் மெட்டையே வாசித்தார். டிரம்ஸில் பளபளக்கும் சிம்பல் ஒலி குறைந்து, டாம்டாம் முரசுகளின் கனத்த அதிர்வு முன்னால் வந்தது. கிட்டார் பல சுரங்களைச் சேர்த்து முழு கார்டு பிடிக்காமல் துண்டு துண்டாகக் கீறிவிட்டுப் போகும். எல்லாவற்றின் மேலும், ஃப்ளாஞ்சர் என்ற கருவி தரும் அலையடிக்கும் ஒலி. பங்கின் வேகத்தைப் பாதியாக்கி நடுவில் இடம் விட்டால் இருட்டு தானாக வந்து உட்கார்ந்துவிடும். கோதிக் என்று பிறகு பெயர் வாங்கிய ஒலியின் அடிப்படைச் சரக்கு இவ்வளவுதான்.

இன்னொருவர் ராபர்ட் ஸ்மித், 'தி க்யூர்' குழுவின் பாடகர். 1979-இல் பான்ஷீஸ் சுற்றுப்பயணத்தில் முதலில் வாசிக்கும் குழுவாக க்யூர் போனது. ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில், நிகழ்ச்சிக்குச் சற்று முன், பான்ஷீஸின் கிட்டார்காரரும் டிரம்ஸ்காரரும் கோபித்துக்கொண்டு குழுவை விட்டே போய்விட்டார்கள். பயணத்தை நிறுத்தாமல் காப்பாற்றியவர் ஸ்மித். மாலையில் தன் குழுவோடு ஒரு முறை வாசிப்பார், அப்புறம் அதே மேடையில் பான்ஷீஸுக்கும் கிட்டார் வாசிப்பார். செவரினோடு நட்பு ஒட்டிக்கொண்டது அங்கேதான்.

1982 ஸ்மித்துக்கு மோசமான ஆண்டு. க்யூர் குழு மே மாதம் போட்ட ஆல்பம் அவர்களுடையதிலேயே மிகவும் இருண்டது. அதை எடுத்துக்கொண்டு போன ஐரோப்பியப் பயணத்தில் பேஸ் வாசித்த சைமன் கேலப்போடு கைகலப்பாகி, கேலப் விலகினார். குழுவில் மிஞ்சியது இரண்டு பேர். அதே ஆண்டின் இறுதியில் பான்ஷீஸின் கிட்டார்காரர் ஜான் மெக்கியோக் உடல்நிலை கெட்டு வெளியேற, அந்த இடத்துக்கு மறுபடி ஸ்மித்தைக் கூப்பிட்டார்கள்.

1983-இல் பான்ஷீஸ் சற்று ஓய்வெடுத்தது. ஓய்வு என்றா சொன்னேன்? குழு இரண்டாகப் பிரிந்து இரண்டு ஆல்பம் போட்டது! சூசியும் டிரம்ஸ்காரர் பட்ஜியும் ஹவாய் தீவுக்குப் போனார்கள். வரைபடத்தில் ஊசி குத்தி இடம் தேர்ந்தெடுத்ததாகச் சொல்வார்கள். 'தி க்ரீச்சர்ஸ்' என்ற பெயரில் அவர்கள் போட்ட ஆல்பத்தில் பெரும்பாலும் குரலும் தாளமும்தான்; நம் கச்சேரியின் தனி ஆவர்த்தனத்தை ஒரு முழு ஆல்பத்துக்கு நீட்டி, கூடவே ஒருவரைப் பாடவிட்டது போல. நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இன்று என் பேச்சு லண்டனிலேயே தங்கிய இருவரைப் பற்றியது.

செவரினும் ஸ்மித்தும் வெயில் பக்கமே போகவில்லை. இரவு முழுக்க வீடியோ டேப்பில் பேய்ப்படமும் கொலைப்படமும் பார்த்தார்கள், எழுந்து ஸ்டுடியோவுக்குப் போனார்கள். பிரிட்டனில் அப்போது இந்த மலிவு வீடியோக்களுக்கு எதிராகப் பத்திரிகைகள் கொதித்துக்கொண்டிருந்தன. அதற்கென்று ஒரு சட்டமே 1984-இல் வந்தது. 'ப்ளூ சன்ஷைன்' என்ற பெயரும் அந்த வகை அமெரிக்கப் படம் ஒன்றின் பெயர்தான். பத்து வருடம் முன்பு ஒரு போதை மருந்தை உட்கொண்டவர்களுக்கு இப்போது திடீரென்று முடி கொட்டி, கொலைவெறி பிடிக்கிறது. கதை அவ்வளவுதான். குழுவின் பெயரோ பீட்டில்ஸின் 'யெல்லோ சப்மரீன்' கார்ட்டூன் படத்தில் பறந்து வந்து ஆட்களை நசுக்கும் கையுறையிலிருந்து எடுத்தது. ஒரு பெயர் ரத்தக்களறியிலிருந்து, ஒரு பெயர் குழந்தைகளும் பார்க்கிற படத்திலிருந்து. ஆல்பத்தின் குணமும் அதுதான். கோதிக் இசை என்றாலே எப்போதும் ஒப்பாரி என்று நினைப்பவர்கள் இதைக் கேட்க வேண்டும். இது விளையாட்டாகச் செய்த இருட்டு.

ஒரு சிக்கல் வந்தது. வேறு குழுவில் ஸ்மித் பாடக்கூடாது என்று அவருடைய ஒப்பந்தம் தடுத்தது. அந்தத் தலைமுறையின் மிக எளிதில் அடையாளம் தெரியும் குரல்களில் ஒன்று ஸ்டுடியோவுக்குள் உட்கார்ந்திருக்கிறது, பாட முடியாது! கடைசியில் இரண்டு பாட்டில் மட்டும் அவர் குரல் வந்தது. மற்றவற்றுக்கு ஜெனட் லாண்ட்ரே என்ற பெண்ணைப் பிடித்தார்கள். அவர் நடனக்காரர். பிபிசியின் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' நிகழ்ச்சியில் ஆடிய 'ஜூ' நடனக் குழுவில் இருந்தவர். பெரிய பாடகி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

எனக்கு இந்த ஆல்பம் பிடித்துப்போனதற்குக் காரணமே அந்தத் தடைதான். மெட்டுகளில் ஸ்மித்தின் கை தெரியும்: சட்டென்று மேலே ஏறி, அங்கிருந்து சறுக்கி, வரியின் கடைசிச் சொல்லை இழுத்துத் தொங்கவிடும் பழக்கம். அவரே பாடினால் அந்த இழுவையில் அழுகை ஒட்டிக்கொள்ளும். லாண்ட்ரே அதை அப்படியே நேராக, சூடில்லாமல் பாடிவிட்டுப் போகிறார். 'பனிஷ் மீ வித் கிஸ்ஸஸ்' என்ற பாட்டைக் கேளுங்கள். முத்தத்தால் என்னைத் தண்டி என்கிறது பல்லவி. மெட்டு வானொலியில் தினமும் போடலாம் போல அவ்வளவு இனிப்பு. பாடுகிறவர் கடைக்குப் போகிற சாமான் பட்டியலை வாசிப்பது போன்ற நிதானத்தில் பாடுகிறார். உருகிப் பாடியிருந்தால் அது ஒரு காதல் பாட்டு. இந்த நிதானம்தான் முதுகில் சில்லிட வைக்கிறது.

வாத்தியங்களிலும் யாருக்கு எது என்ற கறார் இல்லை. சிந்தசைஸர், கிட்டார், பேஸ் என்று கைக்குக் கிடைத்ததை இருவரும் வாசித்திருக்கிறார்கள். டிரம்ஸ் ஆண்டி ஆண்டர்சன். இந்த வேலை முடிந்ததும் அவர் க்யூர் குழுவுக்கே போய்விட்டார். செல்லோ வாசித்த மார்ட்டின் மெக்காரிக் சில ஆண்டுகள் கழித்து பான்ஷீஸில் சேர்ந்தார். குறைகளும் உண்டு. பாட்டில்லாத இரண்டு வாத்திய இசைத் துண்டுகளில் 'எ ப்ளூஸ் இன் டிராக்' அழகு; மற்றது நீளம். அலுப்பாக இருந்தால் தாண்டிவிடலாம், பாவமில்லை.

ஆல்பம் பெரிதாக விற்கவில்லை. விற்காததைப் பற்றிக் கவலைப்படவும் ஸ்மித்துக்கு நேரமில்லை. அதே 1983-இல் க்யூர் குழுவுக்காக இரண்டு துள்ளல் பாட்டுகள் போட்டு இரண்டும் பிரபலமாயின. பான்ஷீஸோடு சேர்ந்து பீட்டில்ஸின் 'டியர் ப்ரூடன்ஸ்' பாட்டை மறுபடி பதிவு செய்தார். நம் ரிஷிகேசத்தில் வைத்து எழுதப்பட்ட பாட்டு அது. பிரிட்டிஷ் தரவரிசையில் மூன்றாம் இடம் வரை போனது. ஓய்வே இல்லாத அந்த ஓட்டம் உடம்பைத் தின்றது. 1984-இல் பான்ஷீஸை விட்டு விலகினார். அதோடு க்ளவ் குழுவுக்கும் அடுத்த ஆல்பம் இல்லாமல் போயிற்று.

2006-இல் இந்த ஆல்பத்தை இரண்டு தட்டுகளாக மறுபடி வெளியிட்டார்கள். இரண்டாம் தட்டில், அன்று வெளியே வராத ஸ்மித்தின் குரல் இருக்கிறது. அதே பாட்டுகளை அவர் மாதிரிக்குப் பாடி வைத்த ஒலிப்பதிவு. க்யூர் ரசிகர்கள் பலருக்கு அதுதான் உண்மையான ஆல்பம். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஸ்மித் பாடியதும் அது இன்னொரு க்யூர் ஆல்பம் ஆகிவிடுகிறது. அந்த மாதிரி நம்மிடம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. சரி, என் பேச்சை நம்ப வேண்டாம். முதல் தட்டில் லாண்ட்ரே பாடும் 'லைக் ஆன் அனிமல்' பாட்டைப் போடுங்கள். முடிந்ததும் இரண்டாம் தட்டில் அதே பாட்டு. இரண்டையும் ஹெட்ஃபோனில் கேளுங்கள், செவரினும் ஸ்மித்தும் வேலை செய்த நேரத்தில், நள்ளிரவுக்கு மேல். எந்தக் குரல் சரி என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். வணக்கம்.