ஹாக்லர் கேட்காமல் விட்ட கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

குத்துச்சண்டை முடிந்ததும் மேடை நடுவே மூன்று பேர் நிற்பார்கள். ரெஃபரியின் ஒரு கையில் ஒருவனுடைய மணிக்கட்டு, மறு கையில் இன்னொருவனுடையது. கிளவுஸைக் கழற்றியிருப்பார்கள். கையில் சுற்றிய துணி வியர்வையில் ஊறித் தோலோடு ஒட்டிக் கிடக்கும். மைக்கில் பெயர் வருவதற்கு ஒரு நொடி முன்பே தோற்றவனுக்குத் தெரிந்துவிடும். அவன் மணிக்கட்டைப் பிடித்திருக்கும் விரல்கள் லேசாகத் தளரும்.

1987-இல், என் இருபதாவது வயதில், மாவட்ட அளவிலான ஒரு இறுதிப் போட்டியில் அது எனக்கு நடந்தது. நான் ஜெயித்தேன் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். ராயபுரத்தில் எங்கள் தெருவே அப்படித்தான் சொன்னது. ஆனால் தெருமுனையைத் தாண்டினால் அந்தப் போட்டி நடந்ததே யாருக்கும் தெரியாது. அது ஒரு வகையில் ஆறுதல்.

அதே ஆண்டு ஏப்ரல் 6 அன்று, லாஸ் வேகாஸில் சீசர்ஸ் பேலஸ் மேடையில், உலகமே பார்த்துக்கொண்டிருக்க, சுகர் ரே லெனார்டோடு மோதிய மிடில்வெயிட் உலகச் சாம்பியன் மார்வின் ஹாக்லரின் மணிக்கட்டில் விரல்கள் தளர்ந்தன. சில மாதம் கழித்து பர்மா பஜாரில் அந்தச் சண்டையின் வீடியோ கேசட் கிடைத்தது. வாடகைக்கு டெக் எடுத்து நண்பர்கள் எட்டுப் பேர் விடிய விடியப் பார்த்தோம். விடிவதற்குள் இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவ்வளவு சண்டை, எங்களுக்குள்.

ஹாக்லர் சாதாரண ஆள் இல்லை. நியூவார்க்கில் பிறந்தவர். 1967 கலவரத்துக்குப் பின் குடும்பம் மாசசூசெட்ஸில் உள்ள பிராக்டனுக்குப் போனது. அங்கே அவருக்குப் பயிற்சி கொடுத்த பெட்ரோனெல்லி சகோதரர்களிடமே கட்டட வேலையும் பார்த்தார். மொத்தம் 67 சண்டை. அதில் 62 வெற்றி, அந்த 62-இல் 52 நாக்-அவுட். இரண்டு டிரா, மூன்றே மூன்று தோல்வி.

அந்த மூன்றில் முதல் இரண்டும் 1976-இல், பிலடெல்பியாவில், அந்த ஊர்க்காரர்களிடம் வந்தவை. பாபி வாட்ஸ், வில்லி மன்றோ. இரண்டு பேரையும் பின்னால் தேடிப்போய் அடித்து வீழ்த்தினார். மன்றோவை ஒரு முறை இல்லை, இரண்டு முறை. 1979-இல் விட்டோ அன்டுவோஃபெர்மோவோடு பட்டத்துக்கு மோதியபோது, ஹாக்லர்தான் ஜெயித்தார் என்று பலரும் நினைத்திருக்க, டிரா என்று தீர்ப்பு வந்தது. 1981-இல் அவரையும் நாலே சுற்றில் முடித்தார். கவனித்தீர்களா? யார் எப்படித் தீர்ப்பு எழுதினாலும், திரும்பப் போய்க் கையால் திருத்தி எழுதியவர் அவர். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள், சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று மோதிய காலத்தைப் பார்த்தவர்கள், ஒரு வார்த்தை சொல்வார்கள்: "மறுபடி மோதட்டும், அப்ப தெரியும்." ஹாக்லர் அந்த வார்த்தைப்படி வாழ்ந்தவர்.

மூன்றாவது தோல்வியைக் கொடுத்த லெனார்டிடம் மட்டும்தான் அந்த மறு மோதல் கிடைக்கவில்லை.

லெனார்ட் கண் விழித்திரை பாதிக்கப்பட்டு ஒதுங்கியிருந்தவர். ஐந்து வருஷத்தில் ஒரே ஒரு சண்டை போட்டவர். அப்படிப்பட்டவர் பட்டக்காரனோடு மோத வந்தபோது பேரம் பேசினார்: பதினைந்து சுற்று வேண்டாம், பன்னிரண்டு போதும், மேடை பெரிதாக இருக்கட்டும், கிளவுஸ் பத்து அவுன்ஸ். எல்லாம் ஓடியாடி அடிப்பவனுக்குச் சாதகமானவை. ஹாக்லர் ஒப்புக்கொண்டார். சண்டை தொடங்கியதும் இன்னொரு தப்பும் செய்தார். வழக்கமாக இடக்கைக்காரனைப் போல நிற்கும் அவர், ஆரம்பச் சுற்றுகளில் வலக்கைக்காரனைப் போல நின்றார். அந்தச் சுற்றுகள் போயின. லெனார்டோ ஒவ்வொரு சுற்றும் முடியப் போகும் கடைசி அரை நிமிடத்தில் படபடவென்று அடித்து, ஜட்ஜுகளின் கண்ணில் அதையே பதிய வைத்தார்.

மூன்று ஜட்ஜுகள். ஒருவர் 115-113 என்று ஹாக்லருக்குக் கொடுத்தார். இன்னொருவர் அதே 115-113-ஐ லெனார்டுக்குக் கொடுத்தார். மூன்றாமவரான ஹோசே குவேரா 118-110 என்று லெனார்டுக்குப் போட்டார். அதாவது பன்னிரண்டில் பத்துச் சுற்று லெனார்டுக்கு! நான் இன்று மாவட்டப் போட்டிகளில் மேடையோரம் உட்கார்ந்து புள்ளி போடுகிறவன். அந்தத் தாளை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு கொதிக்கிறது. இதில் மனசை அறுக்கும் விஷயம் ஒன்று உண்டு. முதலில் அந்த நாற்காலியில் உட்கார வேண்டியவர் இங்கிலாந்தின் ஹாரி கிப்ஸ். அவர் வேண்டாம் என்றது ஹாக்லர் தரப்புதான். பின்னால் அந்தச் சண்டையைப் பார்த்த கிப்ஸ், ஹாக்லரே ஜெயித்தார் என்றார்.

என் தீர்ப்பையும் சொல்லிவிடுகிறேன். ஹாக்லர் என் தெய்வம். ஆனாலும் எத்தனை முறை புள்ளி போட்டுப் பார்த்தாலும் ஒரு சுற்று வித்தியாசத்தில் லெனார்ட்தான் வருகிறார். ஆரம்பச் சுற்றுகளை ஹாக்லரே தானமாகக் கொடுத்தார். ஆகவே தோல்வி அநியாயம் இல்லை, 118-110 தான் அநியாயம். அந்த ஒரு தாள் இரண்டு பேரையுமே கெடுத்தது. ஹாக்லர் ஏமாற்றப்பட்டார் என்ற பேச்சில் லெனார்டின் அபாரமான புத்தி மறைந்துபோனது. ஆறரை வருஷம் பட்டத்தைக் கட்டிக் காத்து, மோத வந்தவர்களைப் பன்னிரண்டு முறை வரிசையாகத் திருப்பி அனுப்பிய ஹாக்லரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலோ, முதல் வாக்கியமே அந்த இரவாகிவிட்டது. 1985-இல் தாமஸ் ஹெர்ன்ஸோடு அவர் போட்ட மூன்று சுற்றுக்கு ஈடாக நான் இன்னொன்றைப் பார்த்ததில்லை. அதுகூட இரண்டாவதாகத்தான் வருகிறது.

மற்றவர்களுக்குத் தோல்வியைக் கழுவ ஏதோ ஒரு வழி கிடைத்தது. 1980-இல் முகமது அலி நம் சென்னைக்கு வந்தார், நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டார். கென் நார்டனிடம் தாடை உடைந்து தோற்றவர் என்று அன்றைக்கு அவரை யார் நினைத்தார்கள்? தோற்ற ஆறே மாதத்தில் நார்டனோடு மறுபடி மோதி ஜெயித்துவிட்டாரே! 1988 சியோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் தோற்றார் என்று வந்த தீர்ப்போ பச்சை அநியாயம். அவருக்கு வயது பத்தொன்பது. முன்னால் வாழ்க்கை முழுக்கக் கிடந்தது, நான்கு எடைப் பிரிவுகளில் பட்டம் வென்றார். நம் குத்துச்சண்டை வீராங்கனை சரிதா தேவி 2014 இஞ்சியான் ஆசிய விளையாட்டில், அரையிறுதித் தீர்ப்பை ஏற்காமல், வெண்கலத்தைக் கழற்றி எதிராளி கழுத்திலேயே போட்டார். தண்டனை ஒரு வருஷத் தடை. ஆனாலும் மனதில் இருந்ததை மேடையிலேயே இறக்கி வைத்துவிட்டார்.

ஹாக்லருக்கு அப்படி எந்த வழியும் இல்லை. அடுத்த மாதமே லெனார்ட் ஓய்வு என்று அறிவித்தார். ஹாக்லர் ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தார். 1988-இல் தானும் விலகுவதாகச் சொல்லிவிட்டு இத்தாலிக்குப் போய்ப் படங்களில் நடித்தார். லெனார்ட் அதே ஆண்டு மேடைக்குத் திரும்பினார். ஹாக்லர் திரும்பவே இல்லை.

2021 மார்ச் 13 அன்று அவர் காலமானார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பயிற்சி முடிந்து பசங்கள் கையிலிருந்த துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவனுடைய போனில் அந்தச் சண்டையின் ஒன்பதாவது சுற்றைப் போட்டோம். மூலையில் மாட்டிக்கொண்ட லெனார்ட், விடாமல் அடிக்கும் ஹாக்லர், தப்பித்துத் திருப்பி அடிக்கும் லெனார்ட். "மாஸ்டர், இந்த ரவுண்டு யாருக்கு?" என்றான் ஒருவன். ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்து எழுதச் சொன்னேன். ஐந்து சீட்டு. பிரித்தேன். மூன்றில் ஹாக்லர், இரண்டில் லெனார்ட். உடனே ஐந்து பேரும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தார்கள்.