என்ட வளவு, என்ட காசு

நேயர்களுக்கு வணக்கம். வேலிச் சண்டை என்றதும் எல்லைச் சண்டைதான் நினைவுக்கு வரும். நான் பேசவந்தது அதுவல்ல. எல்லை சரி, காணி உறுதியும் சரி; ஆனால் பக்கத்து வளவிலிருந்து புகையோ நாற்றமோ ஊத்தைத் தண்ணீரோ வந்துகொண்டே இருக்கிறது. சட்டத்தில் இதற்குப் பெயர் தொல்லை.

நீதிமன்றம் போகுமுன் பிணக்குகளைப் பேசித் தீர்க்கிற மத்தியஸ்த சபையில் நான் இருந்த காலம். ஊர் வேண்டாம், பேரும் வேண்டாம். ஒரு வயதான அம்மா ஹோர்லிக்ஸ் போத்தலொன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கிணற்றுத் தண்ணீர். பார்வைக்குத் தெளிவுதான். மூடியைத் திறந்ததும் என் பக்கத்திலிருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். அடுத்த வளவுக்காரர் மதிலோடு ஒட்டி மலசலகூடக் குழி வெட்டியிருந்தார். நம்முடைய மணல் தரையில் மாரி வந்தால் குழிக்கும் கிணற்றுக்கும் என்ன வித்தியாசம்? அவர் சொன்னது இதுதான்: “என்ட வளவு, என்ட காசு. ஆருக்கு என்ன?” இந்த வசனத்தை எத்தனை தரம் கேட்டிருப்பேன்!

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இலங்கையில் ஒல்லாந்தர் விட்டுப்போன நமது உரோம-டச்சுச் சட்டத்தில், உன் காணியை நீ ஆளலாம், அடுத்தவனுக்குக் கேடு வராமல் ஆள வேண்டும். அதற்காக எல்லாமே தொல்லை ஆகிவிடாது. சேவல் கூவும், கருவாடு பொரிப்பார்கள், கலியாண வீட்டில் ஒருநாள் பாட்டுப் போடுவார்கள். பொறுக்கத்தான் வேண்டும். சாதாரண மனிதர் பொறுக்கிற அளவைத் தாண்டுகிறதா என்பதுதான் கேள்வி.

மரம் விழுந்தால் யார் பொறுப்பு என்று அடிக்கடி கேட்கிறார்கள். 1978 நவம்பர் சூறாவளியில் நல்ல தென்னை விழுந்ததற்கு யாரைக் குறை சொல்ல? ஆனால் அடி உக்கின மரத்தை, “அண்ணே, வெட்டிவிடுங்க” என்று மூன்று தரம் சொல்லியும் விட்டுவைத்து, சும்மா காற்றுக்கு விழுந்தால் கதை வேறு.

சரி, போத்தலுக்கு வருவோம். சபை தீர்ப்புச் சொல்வதில்லை, பேச வைக்கும். அங்கே சட்டத்தரணியும் இல்லை. அந்த அம்மாதான் பேசினார். “தம்பி, ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க, நான் வழக்கை விட்டுர்றன்.” அவர் போத்தலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். மறுகா பேச்சில்லை. குழியை வளவின் மறுகோடிக்கு மாற்றுவதாக எழுதிக் கையெழுத்து வைத்தார்.

தடையுத்தரவு, நட்டஈடு எல்லாம் எழுதிவந்தேன். நேரம் முடிந்ததென்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன். இணக்கம் வராவிட்டால் சபையிடம் சான்றிதழை வாங்கிக்கொண்டு நீதிமன்றம் போகலாம். நட்டஈட்டு வழக்கென்றால் 2 வருடத்துக்குள் போட வேண்டும், 1871ஆம் ஆண்டுச் சட்டம் அது. மதில் தாண்டிய மாங்கிளையை அடுத்த முறை கூப்பிட்டால் பேசுகிறேன். வணக்கம்.