காவிரி தொடாத கேரளத்துக்குக் காவிரியில் பங்கு ஏன்?

அவையோருக்கு வணக்கம். துணையாறுகளைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். பவானி ஊரில் மேடை போட்டுவிட்டு வேறு எதைப் பேசச் சொல்வது!

முதலில் ஒரு கணக்கு. 2007-இல் காவிரி நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்புச் சொன்னபோது, மொத்த நீர் 740 டி.எம்.சி. என்று வைத்துக்கொண்டது. தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று பிரித்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கில் கொஞ்சம் குறைத்துக் கர்நாடகத்துக்குக் கொடுத்தது; கேரளத்தின் 30-இல் கை வைக்கவில்லை. இப்போது வரைபடத்தைப் பாருங்கள். குடகில் தலைக்காவிரியில் பிறந்து பூம்புகாரில் கடலில் விழுகிற வரைக்கும், காவிரி கேரள மண்ணில் ஓரடிகூட ஓடுவதில்லை. அப்படியென்றால் இந்த 30 எந்தக் கணக்கில் வந்தது?

தீர்ப்பிலேயே விடை இருக்கிறது. கபினிக்காக 21, பவானிக்காக 6, பாம்பாற்றுக்காக 3. கேரளத்தில் 44 ஆறுகள் உண்டு. அவற்றில் 41 மேற்கே ஓடி அரபிக்கடலுக்குப் போகின்றன. கிழக்கே திரும்புகிறவை இந்த மூன்றும்தான். மூன்றுமே கடைசியில் காவிரியில்தான் வந்து சேர்கின்றன. கடலுக்குத் தானாகப் போகாமல் இன்னோர் ஆற்றில் போய் விழுகிற ஆறுதான் துணையாறு. சட்டத்தின் கண்ணில் காவிரி என்பது ஒற்றைக் கோடு இல்லை. மூன்று மாநிலங்களும் புதுச்சேரியும் சேர்ந்த 81,155 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பு அது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம் பாடப்புத்தகங்களிலும் பேச்சிலும் கிளையாறு என்று இரண்டையும் சொல்லிவிடுகிறோம். வந்து சேர்வது துணையாறு. பிரிந்து போவது கிளையாறு. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறதே, அது கிளையாறு. அதுவரை வருகிற ஆற்றையெல்லாம் வாங்கிக்கொண்டே வந்த காவிரி, அதற்கப்புறம் வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு என்று கொடுத்துக்கொண்டே போகிறது. புதுச்சேரிக்குரிய 7 டி.எம்.சி. காரைக்காலுக்குப் போவது இந்தக் கிளைகளின் வழியாகத்தான். கேரளம் சேர்கிற ஆறுகளால் பங்காளி, காரைக்கால் பிரிகிற ஆறுகளால் பங்காளி.

ஆங்கிலத்தில் இதை ட்ரிபியூட்டரி என்கிறார்கள். வேர் லத்தீன் மொழியில் ‘திரிபூத்தும்’, அதாவது வரி, திறை. சிற்றரசன் பேரரசனுக்குக் கட்டுகிற கப்பம். முதலில் கப்பம் கட்டுகிற மனிதர்களுக்கும் நாடுகளுக்கும்தான் அந்தச் சொல் வழங்கியது, ஆற்றுக்கு வந்தது பிற்பாடுதான். நல்ல கற்பனைதான். ஆனால் கப்பம் வாங்குகிறவன்தான் பெரியவன் என்ற எண்ணமும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஆறுகளில் அது எப்போதும் உண்மையில்லை. அமெரிக்காவில் மிசௌரி மிசிசிப்பியில் சேர்கிறது. சேருமிடம் வரைக்கும் இரண்டையும் அளந்தால் மிசௌரிதான் நீளம், ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதற்குக் கீழே ஒஹையோ வந்து சேரும் இடத்தில், தண்ணீர் அதிகம் கொண்டுவருவது ஒஹையோ. ஆனாலும் பெயர் மிசிசிப்பிக்குத்தான். யார் பெரியவர் என்பதைப் பெயர் வைத்தவர்கள் முடிவு செய்தார்கள், அவ்வளவுதான்.

நம் பக்கத்துக்கு வருவோம். ஆனி, ஆடி மாதங்களில் காலையில் செய்தித்தாளைப் பிரித்ததும் எதைத் தேடுகிறோம்? கபினியிலிருந்து எத்தனை ஆயிரம் கன அடி திறந்தார்கள், எல்லையில் நீரை அளக்கிற பிலிகுண்டுலுவில் எவ்வளவு வருகிறது என்றுதான். கபினி அணை கொள்வது 19.5 டி.எம்.சி.தான், கிருஷ்ணராஜ சாகரத்தில் பாதிகூட இல்லை. வயநாட்டில் தென்மேற்குப் பருவமழை கொட்டினால் அது சட்டென்று நிரம்பிவிடும். நிரம்பினால் திறந்துவிடத்தான் வேண்டும். வயநாட்டு மழை மேட்டூருக்கு வந்து சேர்வது அந்த வழியாகத்தான். காவிரி வழக்கு வழக்கு என்கிறோமே, அதில் பாதிச் சண்டை துணையாறுகளின் மேல்தான். கபினி, ஹேமாவதி, ஹாரங்கி, சுவர்ணாவதி என்று கர்நாடகம் அணை கட்டிய ஆறுகளின் பெயர்களைக் கேட்டாலே புரியும். மேடையில் முழங்குகிறவர்கள் இந்தப் பெயர்களைச் சொல்வதேயில்லை. சொன்னால் பேச்சில் சூடு குறைந்துவிடும் என்று பயமோ என்னவோ!

சரி, நம் பவானி. இது நீலகிரியில் பிறந்து, கேரளத்துக்குள் இறங்கி, அட்டப்பாடியில் வளைந்து, சிறுவாணியையும் வாங்கிக்கொண்டு மறுபடி தமிழ்நாட்டுக்கே திரும்புகிற ஆறு. பவானிசாகரில் மோயாறு சேர்கிறது. ஆக மோயாறு துணையாற்றுக்குத் துணையாறு. அதற்கும் ஓடைகள் உண்டு, ஓடைகளுக்கும் வாய்க்கால் போலச் சிற்றோடைகள் உண்டு. நீரியலில் இதற்கு ஒரு வரிசை போடுகிறார்கள். மேலே வேறு எதுவும் சேராத ஓடை முதல் வரிசை. இரண்டு முதல் வரிசை ஓடைகள் கூடினால் இரண்டாம் வரிசை. இரண்டு இரண்டாம் வரிசைகள் கூடினால் மூன்றாவது. ஆனால் மூன்றாம் வரிசை ஆற்றில் எத்தனை சிற்றோடை வந்து விழுந்தாலும் அதற்குப் பதவி உயர்வு கிடையாது. சமமான இன்னொன்று வந்தால்தான் உண்டு.

பவானி காவிரியில் சேர்கிற கூடுதுறைக்கு இங்கிருந்து நடந்தே போய்விடலாம். இரண்டில் ஒன்றில் மட்டும் புதுவெள்ளம் வரும் நாளில் படித்துறையில் நின்று பாருங்கள். செந்நீர் ஒரு பக்கமும் தெளிநீர் ஒரு பக்கமுமாக, கொஞ்ச தூரம் ஒட்டாமலே போகும். கூடுவதற்குச் சற்று மேலே பவானியின் குறுக்கே காலிங்கராயன் அணை இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டு வேலை. காவிரியில் விழப்போகிற நீரைக் கடைசி நேரத்தில் மடக்கி, ஈரோட்டுப் பக்கமாகக் கொண்டுபோய், வழியெல்லாம் வயலுக்குப் பாய்ச்சி, மிச்சத்தை நொய்யலில் விடுகிற வாய்க்கால் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு துணையாற்றிலிருந்து எடுத்து இன்னொரு துணையாற்றில் சேர்த்தார்கள். நதிநீர் இணைப்பு என்று இன்று பேசுகிறவர்கள் இந்தக் கரையோரம் ஒருமுறை நடந்து பார்க்கலாம்.

நொய்யலைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. வெள்ளியங்கிரியில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக வந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. அணையில் தண்ணீர் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்கிற நிலை வந்தது. 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. அணையின் மதகைத் திறந்தால் அந்த நீர் போய்ச் சேருவது காவிரிக்குத்தான். அங்கிருந்து கரூர், திருச்சி, தஞ்சாவூர். திறை என்று சொன்னேனே, எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிற அரசன் காவிரி.

வலக்கரை, இடக்கரையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒரு தம்பி சீட்டு அனுப்பியிருக்கிறார். நீர் போகிற திசையைப் பார்த்து நில்லுங்கள். வலக்கைப் பக்கம் வலக்கரை. பவானி, நொய்யல், அமராவதி மூன்றும் வலக்கரைத் துணையாறுகள். சேர்வராயன் மலைப் பக்கமிருந்து வருகிற சரபங்காவும் திருமணிமுத்தாறும் இடக்கரை. அடுத்த சீட்டைக் கொடுங்கள்.