சாவனதுர்கா பாறையும் சங்கத்துத் தரையும்

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, பெங்களூரின் ஒயிட்ஃபீல்டிலிருந்து இரண்டு மணி நேரம் டிராஃபிக்கில் ஊர்ந்து அல்சூரில் நம் சங்கத்துக்கு வந்து சேர்ந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே, பொன்னாடை போர்த்திய மகளிர் அணித் தலைவி அம்மா அவர்களே, கட்டட நிதியைக் கட்டிக் காக்கும் பொருளாளர் அவர்களே (இவரிடம் பிறகு எனக்கு ஒரு வேலை இருக்கிறது), காபி வருகிறதா என்று கதவைப் பார்க்கும் நண்பர்களே, வணக்கம்.

மலையேற்றம் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று செய்திகள் சொல்லப் போகிறேன். பாறை எப்படிப் பிறந்தது, அங்கே என்ன வாழ்கிறது, நடப்பவர் எதை எடுத்துப் போக வேண்டும். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். நம் பேச்சும் நகரட்டும்.

லால்பாக்கில் கெம்பேகவுடா கோபுரத்தைத் தாங்குகிறதே ஒரு பாறை, அதற்கு வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டு. மேற்கே மாகடி, ராமநகரப் பக்கம் போனால் கிரானைட். அது கொஞ்சம் இளையது, 250 கோடி. பூமிக்கடியில் குழம்பாகக் கிடந்து மெல்ல மெல்ல ஆறியது. அதனால்தான் கட்டைவிரல் பருமனுக்கு இளஞ்சிவப்புப் படிகங்கள் கையில் நெருடும். மேலே கிடந்த மண்ணும் கல்லும் அரித்துப்போக, பாரம் குறைந்த பாறை வெங்காயம்போலத் தோல் தோலாக உரிந்தது. விரிசல்களில் நீர் இறங்கி மூலைகளை முதலில் தின்றது. முட்புதர்க் காட்டுக்கு நடுவே நிற்கிற அந்த உருண்டைக் கற்களை யாரும் உருட்டி வைக்கவில்லை. நின்ற இடத்திலேயே உருண்டையானவை.

என் மைத்துனர் சென்னையிலிருந்து வந்திருந்தார். புது ஷூ. விலையை மட்டும் நாலு தடவை சொன்னார். மாகடிப் பக்கத்துச் சாவனதுர்கா மலைக்குக் கூட்டிப் போனேன். 1,226 மீட்டர் உயரம், ஏறக்குறைய முழுக்க ஒரே கல். வெள்ளை அம்புக்குறிகளைப் பார்த்துக்கொண்டே மனிதர் மான்போல ஏறிவிட்டார். உச்சி நந்தி மண்டபத்தில் தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்தார். குரங்கு அதை வாங்கிக்கொண்டது. இறங்கும்போது மணி பதினொன்று, பாறை தோசைக்கல். பாதி வழியில் உட்கார்ந்தவர் எழவே இல்லை. "மாமா, ஹெலிகாப்டர் வருமா?" என்கிறார்! அப்போது கூடையில் வெள்ளரிக்காயோடு ஒரு பாட்டி, வெறுங்காலோடு, ஏதோ நம் வீட்டுத் திண்ணையில் நடப்பதுபோல வந்தார். "நிதானா, நிதானா" என்று கன்னடத்தில் சொல்லி, குதிகாலை ஊன்றாமல் பாதம் முழுவதையும் பதித்துக் காட்டினார். அடி மேல் அடி! இவரோ உட்கார்ந்தபடியே சறுக்கினார். அடிவாரத்து வீரபத்திரர் கோயிலில் சுவரோடு சுவராக ஒட்டி நின்று கும்பிட்டதற்குப் பக்தி காரணமல்ல, பேண்ட்டின் பின்பக்கம்.

இரண்டாவது செய்தி, கருங்கழுத்துப் பாறு. ராமநகரத்து ராமதேவர பெட்டா மலையை 2012-ல் பாறுக் கழுகுகளுக்கான சரணாலயமாக அறிவித்தார்கள். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து ஊசிதான், செத்த மாட்டைத் தின்ற அந்த இனத்தைச் சாய்த்தது, விரிவாகப் பிறகு.

ஏனென்றால் தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார், பொருளாளரிடம் பேச வேண்டியதை நான் இன்னும் பேசவில்லை. நம் புதிய அரங்குக்குப் பளபளக்கும் கிரானைட் தரை என்று கேள்விப்பட்டேன். ஐயா, நான் நடக்கும் வழியில் ஒரு குன்று இருந்தது. வரிசையாகத் துளை போட்டு, கம்பி வாளால் அறுத்து, அல்வாத் துண்டு போட்டதுபோல் பாதியைக் கொண்டுபோய்விட்டார்கள். மீதிப் பாதியில் இன்னும் ஆடு மேய்கிறது. நமக்குச் சிவப்பு ஆக்சைடு தரை போதாதா? பழைய பெங்களூர் வீடுகளில் பார்த்திருப்பீர்கள்; வெயிலில் வந்து காலை வைத்தால் குளுகுளு என்றிருக்கும், துடைக்கத் துடைக்க மினுங்கும். போன பொதுக்குழுவிலும் கேட்டேன், அதற்கு முந்தையதிலும் கேட்டேன். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும், பொருளாளரும் நகருவார்.

மூன்றாவது, எடுத்துப் போக வேண்டியவை: தண்ணீர், தொப்பி. மற்றதை நேரில் சொல்கிறேன். வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு லால்பாக் பாறையில் கூடுகிறோம். மைத்துனரும் வருகிறார். அதே ஷூ, பேண்ட் மட்டும் புதிது.