அவளும் உட்கார்ந்து குடிக்கும் காப்பி

நடுவர் அவர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எதிரணி நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

'காப்பியின் சுவை நிறைவது வீட்டுக் கூடத்திலா, காப்பிக் கடையிலா?' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். காப்பிக் கடையிலேதான் என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் மூன்று வாதங்களை வைத்தார். அம்மா போடும் காப்பிக்கு ஈடு கிடையாது என்றார். கடையில் காலையில் இறக்கிய டிக்காக்ஷனை மாலை வரை ஓட்டுவார்கள் என்றார். காப்பிக் கடை வெட்டிப் பேச்சுக்காரர்களின் மடம் என்றார். முதல் வாதத்துக்கு இந்த அவை எழுப்பிய கைதட்டலைக் கேட்டேன். நானும் சேர்ந்துதான் தட்டினேன். அம்மாவின் காப்பி என்றால் யாருக்குத்தான் கை தட்டத் தோன்றாது?

ஆனால் ஐயா, ஒன்று கேட்கிறேன். அந்தக் காப்பியை அம்மா எப்போது குடித்தார்?

விடிவதற்கு முன் எழுந்து, பில்டரில் பொடியை நிரப்பி, அதன் மேல் தட்டை வைத்து அழுத்தி, கொதிக்கும் நீரை விட்டு மூடியவர் அவர். சொட்டுச் சொட்டாக இறங்கிய முதல் டிக்காக்ஷன் தாத்தாவுக்குப் போனது. அடுத்து அப்பாவுக்கு. பிறகு கல்லூரிக்குக் கிளம்பும் அண்ணனுக்கு. அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் பத்திரிகை கேட்டு வந்துவிட்டார், அவருக்கும் ஒன்று. எல்லாம் முடிந்த பின் அதே பொடியின் மேல் மறுபடியும் வெந்நீர் ஊற்றி, நிறம் வெளுத்து இறங்கிய இரண்டாம் டிக்காக்ஷனில் மிச்சப் பாலைக் கலந்து, அடுப்படியில் நின்றுகொண்டே, குழம்பைக் கிளறிக்கொண்டே ஆறிப்போனதைக் குடித்தார். இதைத்தான் எதிரணித் தலைவர் நிறைவு என்கிறார். குடித்தவருக்கு நிறைவுதான். போட்டவருக்கு?

என் அம்மாவை ஒருநாள் கும்பகோணத்தில் கோயிலுக்கு அழைத்துச் சென்றுவிட்டுத் திரும்பும் வழியில் ஒரு காப்பிக் கடைக்குள் கூட்டிப்போனேன். 'வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கொள்ளலாமே' என்றார். வற்புறுத்தி உட்கார வைத்தேன். பித்தளை டவராவும் டம்ளரும் வந்தன. டம்ளரின் விளிம்பை விரல் நுனியால் தொட்டுச் சூடு பார்த்தார். டவராவில் ஊற்றி, மறுபடி டம்ளருக்கு மாற்றி, நுரை அடங்கும் முன்பே ஒரு வாய் குடித்தார். குடித்துவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை: 'முதல் டிக்காக்ஷன்.' பிறகு சாவகாசமாகச் சொன்னார்: 'சிக்கரி கொஞ்சம் குறைத்திருக்கலாம். பால் நல்ல பால்.'

எத்தனையோ ஆண்டுகளாகக் காப்பி போட்ட கை அது. அதன் கணக்கைத் துல்லியமாக அறிந்த நாக்கு அது. அந்த நாக்கு தனக்கு உரியதைச் சூடாகப் பெற்றதை நான் பார்த்தது கடையில்தான். அன்று முதல் எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊரின் காப்பிக் கடையைத் தேடிப் போகிறவளாக ஆகிவிட்டேன்.

இரண்டாவது வாதத்துக்கு வருகிறேன். டிக்காக்ஷன் பழசாம். நல்ல காப்பிக் கடை ஒன்றில், கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று காப்பி மாஸ்டரின் கையைக் கவனித்துப் பாருங்கள். டம்ளரில் சர்க்கரை விழுகிறது. அதன் மேல் கறுத்து மின்னும் டிக்காக்ஷன் ஓர் அளவு. சட்டியில் தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும் பாலை மொண்டு, கையை உயரத் தூக்கி ஒரே ஆற்று. அந்த ஒரு ஆற்றில் சர்க்கரை கரைய வேண்டும், நுரை எழ வேண்டும், சூடு மட்டும் இறங்கக் கூடாது. அதற்குள் 'ஒன்று ஸ்ட்ராங், இரண்டு சர்க்கரை கம்மி, ஒன்று வித்தவுட்' என்று குரல் வருகிறது. எதையும் அவர் எழுதி வைப்பதில்லை. நான்கும் அந்தந்த மேசைக்குச் சரியாகப் போகின்றன.

கூட்டம் வரும் கடையில் டிக்காக்ஷன் பழையதாக நேரமே கிடையாது. இறக்க இறக்கத் தீர்ந்துகொண்டிருக்கும். அடுப்பு மேடையின் மூலையில் மூடி வைத்து, மாலையில் விருந்தாளி வந்ததும் சுட வைப்பது எங்கே நடக்கிறது என்பதை இந்த அவையில் இருக்கும் தாய்மார்களிடமே கேளுங்கள். கெட்ட கடைகள் இல்லையா? உண்டு. அவற்றுக்கு நான் வக்கீல் இல்லை. கெட்ட கடைக்கு நாளை போக மாட்டோம். கடைக்காரருக்கும் அது தெரியும். அந்தப் பயம் டம்ளரைச் சுத்தமாக வைக்கிறது.

மூன்றாவது வாதம், வெட்டிப் பேச்சு. இதை மட்டும் விரிவாகப் பேச நடுவர் அனுமதிக்க வேண்டும்.

1675 டிசம்பர் மாதம். இங்கிலாந்தின் மன்னர் இரண்டாம் சார்லஸ் ஓர் அரசாணை வெளியிடுகிறார். நாட்டில் உள்ள காப்பிக் கடைகளை எல்லாம் மூட வேண்டும். காரணம் என்ன தெரியுமா? வேலையற்றவர்கள் அங்கே கூடி அரசைப் பற்றி அவதூறு பேசுகிறார்களாம். எதிரணித் தலைவர் இன்று சொன்ன அதே வாதம்தான், முந்நூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன்! லண்டன் மக்கள் கொதித்து எழுந்தார்கள். ஆணை நடைமுறைக்கு வருவதற்கு முன்பே, 1676 ஜனவரியில், மன்னர் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். வீட்டில் காப்பி குடித்தவர்களைக் கண்டு எந்த மன்னரும் நடுங்கியதாக நான் படிக்கவில்லை. அதே லண்டனில் எட்வர்டு லாயிட் என்பவர் நடத்திய காப்பிக் கடையில் மாலுமிகளும் வணிகர்களும் கூடிக் கப்பல் செய்தி பேசினார்கள். அந்தப் பேச்சிலிருந்துதான் இன்றைக்கும் உலகக் கப்பல்களுக்குக் காப்பீடு செய்யும் லாயிட்ஸ் பிறந்தது. வெட்டிப் பேச்சு என்றால் இப்படிப்பட்ட வெட்டிப் பேச்சு நமக்கு நிறைய வேண்டும்.

நம் நாட்டுக்கு வாருங்கள். கொல்கத்தாவின் கல்லூரித் தெருவில், பழைய ஆல்பர்ட் ஹாலில், 1942 முதல் ஒரு காப்பி ஹவுஸ் இருக்கிறது. உயர்ந்த கூரை, தொங்கும் மின்விசிறிகள், மாடியில் சுற்றிலும் மேசைகள். ஒரு காப்பியை வைத்துக்கொண்டு மாணவர்கள் அரை நாள் விவாதிப்பார்கள், எழுந்து போங்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தில்லி கன்னாட் பிளேசிலும் ஒரு காப்பி ஹவுஸ் இருந்தது. பத்திரிகையாளர்களும் கட்சிக்காரர்களும் கவிஞர்களும் கூடிய இடம். நெருக்கடி நிலை நடந்த 1976இல் அதை இடித்துத் தள்ளினார்கள். மன்னர் போன பின்பும் மன்னரின் அச்சம் போகவில்லை என்பதற்கு அந்த இடிபாடே சாட்சி.

இப்போது என் அணிக்கு எதிராக வைக்கக்கூடிய மிக வலுவான வாதத்தை நானே எடுக்கிறேன். எதிரணி அதை வைக்கவில்லை. எல்லாரும் சமமாக உட்காரும் இடம் காப்பிக் கடை என்று நான் சொன்னால், 'அந்தக் காலத்துக் காப்பி கிளப்புகளில் யாரை உள்ளே விட்டார்கள்?' என்று கேட்டிருக்கலாம். நியாயமான கேள்வி. சாதிப் பெயரைப் பலகையில் எழுதி மாட்டியிருந்தார்கள். ஒடுக்கப்பட்ட மக்களை வாசலிலேயே தடுத்தார்கள். ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில்கூடப் பிராமணருக்கு ஓர் இடம், மற்றவருக்கு ஓர் இடம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். அது 1941இல்தான் நீங்கியது. 1957இல் திருவல்லிக்கேணியில் ஓர் உணவகத்தின் சாதிப் பெயர்ப் பலகையை எதிர்த்துப் பெரியார் மறியலைத் தொடங்கினார். தொண்டர்கள் நாள்தோறும் போய் நின்று சிறை சென்றார்கள். மாதக்கணக்கில் நடந்தது அந்தப் போராட்டம். சில ஊர்களின் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளைக் கொடுமை அதற்குப் பிறகும் தொடர்ந்தது என்பதையும் நான் மறைக்கப் போவதில்லை.

ஆனால் நடுவர் அவர்களே, அந்தப் போராட்டம் எங்கே நடக்க முடிந்தது என்று பாருங்கள். கடை வாசலில்! கடை பொது இடம். அதன் கதவைத் திற என்று கேட்க ஊருக்கு உரிமை இருக்கிறது. நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, கடைக்குள்ளோ பொது உணவகத்துக்குள்ளோ நுழையும் எந்தக் குடிமகனையும் மதம், சாதி, பால், பிறந்த இடம் என்ற காரணத்தைக் காட்டித் தடுக்கக் கூடாது என்று சொல்கிறது. அரசியலமைப்பை எழுதிய பெரியவர்கள் கடையையும் உணவகத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறார்கள். அங்கே உட்கார இடம் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 1955இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் அப்படித் தடுப்பவருக்குத் தண்டனையும் வைத்தது. வீட்டுக் கூடத்துக்கு இப்படி ஒரு சட்டம் உண்டா? வீட்டில் யாருக்கு எந்த டம்ளர், யார் நாற்காலியில், யார் தரையில், யார் கொல்லைப்புறத்தில் என்பதை எந்த நீதிமன்றம் வந்து கேட்கும்?

அதே 1957இல் பெங்களூரில் இன்னொன்றும் நடந்தது. காப்பி வாரியம் நாடெங்கும் நடத்திவந்த காப்பி ஹவுஸ்களை மூட முடிவு செய்து ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தது. பரிமாறியவர்களும் சமையல்காரர்களும் தெருவில் நின்றார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் அவர்களிடம், கடையை நீங்களே எடுத்து நடத்துங்கள் என்றார். நடத்தினார்கள். முதல் கூட்டுறவுச் சங்கம் பெங்களூரில், அதே ஆண்டில் தில்லியில், அடுத்த ஆண்டு திருச்சூரில் என்று வளர்ந்ததுதான் இன்று நாம் பார்க்கும் இந்தியன் காப்பி ஹவுஸ்.

திருவனந்தபுரம் தம்பானூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் காப்பி ஹவுஸுக்குப் போயிருக்கிறீர்களா? கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டியது. செங்கல் நிறத்தில் சுருண்டு சுருண்டு மேலே ஏறும் கட்டடம். உள்ளே படியே கிடையாது, நடைபாதை சரிவாகச் சுற்றி ஏறுகிறது. வெளிச்சுவரை ஒட்டி மேசைகள். சுவரில் விட்டிருக்கும் சின்னச் சின்னத் துளைகளின் வழியே காற்றும் வெளிச்சமும் வந்துகொண்டே இருக்கும். விசிறி மடிப்புத் தலைப்பாகை வைத்த, வெள்ளைச் சீருடை அணிந்த ஊழியர் பீட்ரூட் கலந்த கட்லெட்டையும் காப்பியையும் கொண்டுவந்து வைப்பார். பக்கத்து மேசையில் ஒரு வழக்கறிஞர், அதற்கடுத்து மூட்டை முடிச்சோடு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் குடும்பம், எதிரே தனியாக உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருக்கும் ஓர் இளம்பெண். நான் அங்கே குடித்த காப்பி கும்பகோணத்துக் காப்பிக்கு முன் நிற்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தலைப்பாகைக்காரர் அந்தச் சங்கத்தின் உறுப்பினர். அந்த நிறுவனம் அவருக்கும் சொந்தம். எனக்குக் காப்பி கொண்டுவருபவர் தலை நிமிர்ந்து நடந்து வருகிறார். அந்த நடை என் காப்பியில் சேர்கிறது ஐயா, அது சேர்ந்த பிறகுதான் எனக்கு அது முழுக் காப்பி.

வீட்டுக் காப்பியில் அன்பு இருக்கிறது என்றார்கள். இருக்கிறது. அந்த அன்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அன்பு ஒரே கையிலிருந்து ஒரே திசையில் போய்க்கொண்டே இருந்தால், கொடுத்த கை வறண்டுபோகும். கடையில் காப்பி போட்டவருக்குக் கூலி உண்டு, வார விடுமுறை உண்டு, 'மாஸ்டர், இன்று பிரமாதம்' என்று சொல்ல ஆள் உண்டு. வீட்டில் போட்டவரிடம் அப்படிச் சொன்னவர்கள் இந்த அவையில் எத்தனை பேர்? கை தூக்கச் சொல்லி யாரையும் சங்கடப்படுத்த விரும்பவில்லை.

இருநூறு ரூபாய்க் காப்பி விற்கும் கண்ணாடிக் கடைகளைக் காட்டி எதிரணி விலைக் கணக்குச் சொல்லக்கூடும். நான் பேசுவது தெருமுனைக் கடையைப் பற்றி. பால்காரரும் பள்ளி ஆசிரியரும் ஒரே பெஞ்சில் உட்காரும் கடையைப் பற்றி.

அந்தப் பெஞ்சில் என் வீட்டு வேலைக்கு வரும் அக்காவைப் பார்த்திருக்கிறேன். வேலை முடிந்து போகும் வழியில் ஒரு காப்பி வாங்கிக்கொண்டு, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இடம் ஒதுக்கி, 'உட்காரம்மா' என்றார். உட்கார்ந்தேன். மற்ற எல்லாருக்கும் வந்த அதே டவரா டம்ளர்தான் அவர் கையிலும் இருந்தது.

எனக்கு அடுத்து எதிரணியில் பேச எழப்போகும் தம்பிக்கு ஒரே ஒரு கேள்வியை விட்டுச் செல்கிறேன். வீட்டுக் கூடத்துக் காப்பியின் பெருமையைப் பேசும் முன், அந்த வீட்டில் அந்த அக்காவுக்கு எந்த டம்ளரில் காப்பி கொடுக்கிறார்கள், அவர் எங்கே உட்கார்ந்து குடிக்கிறார் என்பதை இந்த அவைக்குச் சொல்லிவிட்டு அவர் தொடங்கட்டும்.

வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.